டாஸ்மன் கடல் இரண்டு முறை சூடான கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவே இருக்கும் டாஸ்மன் கடல், அதன் தென் பாதியிலாவது, குளிர்ந்த கடல். காற்று ஓயாமல் அடிக்கும். அந்தக் கடல் மூன்றே ஆண்டுக்குள் இரண்டு முறை, அதுவரை பதிவில் இல்லாத அளவுக்குச் சூடேறியது.

முதல் முறை 2015 செப்டம்பரில் ஆரம்பித்து 2016 மே வரை நீடித்தது. ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவின் கிழக்குப் பக்க நீர் தொடர்ந்து 251 நாள் இயல்பைவிட வெதுவெதுப்பாக இருந்தது. உச்சத்தில் இயல்பைவிட 2.9 டிகிரி செல்சியஸ் கூடுதல். சரி, அது முடிந்தது என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது 2017 நவம்பரில் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை மையம் கிழக்கே, நியூசிலாந்துப் பக்கம். நிலமும் கடலுமாகச் சேர்த்து 40 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு அந்த வெப்பத்தில் சிக்கியது. டாஸ்மன் கடலின் கிழக்குப் பகுதியில் நீரின் மேற்பரப்பு இயல்பைவிட 3.7 டிகிரி வரை ஏறியது.

இரண்டையும் செய்திகள் ஒரே பெயரில்தான் சொல்லின: கடல் வெப்ப அலை. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிச் சிவப்புத் திட்டு. ஆனால் ஒன்றில் வெப்பம் பக்கவாட்டில் இருந்து வந்தது, மற்றதில் மேலே இருந்து. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் வெப்பம் எத்தனை நாள் நிற்கும், எவ்வளவு ஆழம் போகும், எந்த உயிர் சாகும், முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற எந்தக் கேள்விக்கும் சரியான பதில் கிடைக்காது. ஒரே கடலில், இவ்வளவு குறைந்த இடைவெளியில், இரண்டு வகையும் அடுத்தடுத்து வந்ததால்தான் டாஸ்மன் கடல் பாடம் படிக்க நல்ல இடம்.

அலை என்றால் எந்த அளவுக்கு?

கடல் கொஞ்சம் சூடானாலே வெப்ப அலை என்று சொல்லிவிட முடியாது. 2016இல் அலிஸ்டேர் ஹாப்டே என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானியும் உடன் உழைத்தவர்களும் ஒரு வரையறை கொடுத்தார்கள். இன்று பெரும்பாலும் அதைத்தான் எல்லோரும் கையாள்கிறார்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில், ஆண்டின் குறிப்பிட்ட ஒரு தேதியில், ஏறத்தாழ 30 ஆண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்க்க வேண்டும். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பதிவுகளைவிட இன்றைய வெப்பம் அதிகமா? அந்த நிலை குறைந்தது ஐந்து நாள் விடாமல் நீடித்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது கடல் வெப்ப அலை.

இதில் கவனிக்க வேண்டியது, அளவுகோல் அந்தந்த இடத்தையும் தேதியையும் சார்ந்தது. டாஸ்மேனியாவில் 19 டிகிரி நீர் என்றால் ஆபத்து; வெப்பமண்டலத்துக்காரருக்கு அது குளிர். குளிர்காலத்திலும் கடல் வெப்ப அலை வரலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். 2015இன் அலை ஆரம்பித்தபோது தென்கோளத்தில் குளிர்காலம் அப்போதுதான் விலகியிருந்தது.

எல் நினோ மீது பழி போடும் பழக்கம்

2015–16இல் பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ, அதாவது நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக்கின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, நடந்துகொண்டிருந்தது. அதனால் டாஸ்மன் கடல் சூடானதற்கும் அதுதான் காரணம் என்று கைநீட்டுவது சுலபம். அப்படி இல்லை. எல் நினோ ஆண்டுகளில் நியூசிலாந்துக்குத் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வருவதுதான் வழக்கம். சுற்றியுள்ள கடல் குளிர்வதற்கே வாய்ப்பு அதிகம். டாஸ்மேனியாவுக்குக் கிழக்கே உள்ள நீருக்கும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. போதாததற்கு, 2017–18இல் பசிபிக்கில் இருந்தது நேர் எதிரான லா நினா, அதுவும் வலுக்குறைந்த ஒன்று. எல் நினோவிலும் சூடு, லா நினாவிலும் சூடு என்றால் சாவி வேறெங்கோ இருக்கிறது. உலகில் எங்கே எது நடந்தாலும் எல் நினோவைக் கூப்பிட்டுக் கூண்டில் நிறுத்துகிற பழக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது.

முதல் நிகழ்வு: வடக்கிலிருந்து வந்த நீர்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டி, குயின்ஸ்லாந்திலிருந்து தெற்கு நோக்கி ஒரு வெப்ப நீரோட்டம் ஓடுகிறது. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் என்று பெயர். பவளக்கடலின் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீரை அது சிட்னிப் பக்கம் கொண்டுவருகிறது. சிட்னிக்குக் கொஞ்சம் வடக்கே, ஏறக்குறைய 32 பாகைத் தென் அட்சரேகை அருகில், அது கரையை விட்டுப் பிரிகிறது. பிரிந்த நீரில் ஒரு பங்கு கிழக்கே திரும்பி நியூசிலாந்தின் வட முனையை நோக்கிப் போகும். மிச்சம் பெரிய பெரிய சுழல்களாக உடைந்து டாஸ்மேனியாவை நோக்கித் தெற்கே நகரும்.

இந்த இரண்டு பங்கும் ஒரு தராசின் இரு தட்டு போல ஏறி இறங்குகின்றன. கிழக்கே அதிகம் போனால் தெற்கே குறையும். தெற்கே அதிகம் போனால் கிழக்கே குறையும். 2015–16இல் தெற்குப் பங்கு அளவுக்கு மீறிப் போனது. வெதுவெதுப்பான சுழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து டாஸ்மேனியாவின் கிழக்கே சேர்ந்தன. கடலின் வெப்ப வரவு செலவைக் கணக்குப் பார்த்தபோது, வானத்திலிருந்து இறங்கிய வெப்பம் சிறிய பங்குதான் என்றும், நீரோட்டம் சுமந்து வந்து கொட்டியதே பெரும் பங்கு என்றும் தெரிந்தது. எரிக் ஆலிவரும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வின் மைய முடிவு இதுதான்.

இப்படி வந்த வெப்பம் மேல்தோலோடு நிற்பதில்லை. சுழல்களுக்கு ஆழம் உண்டு. அவற்றோடு வருகிற சூடும் ஆழத்தில் இருக்கும். ஒரு நாள் புயலடித்தால் மேல்நீர் கலங்கும், ஆனால் கீழிருந்து மேலே வருகிற நீரும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் பெரிதாகக் குளிராது. 251 நாள் நின்றதற்கு இது முக்கியமான காரணம்.

அப்படியானால் நீரோட்டம் ஏன் கூடியது? இதற்கான பதில் டாஸ்மன் கடலுக்குள்ளேயே இல்லை. தென் பசிபிக் முழுவதும் ஒரு மாபெரும் நீர்ச்சுற்று இருக்கிறது. அதைச் சுழல வைப்பது காற்று. நடுப் பசிபிக்கில் காற்றின் முறுக்கு, அதாவது காற்று நீரைச் சுழற்றும் விதம், மாறினால், அந்தச் செய்தி கடலுக்குள் மெதுவான நெடிய அலைகளாக மேற்கு நோக்கிப் பயணம் செய்யும். ராஸ்பி அலைகள் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது; மேற்பரப்பு சில சென்டிமீட்டர் உயர்ந்து தாழும், அவ்வளவே. அவை ஆஸ்திரேலியக் கரையை வந்து தொட ஆண்டுக்கணக்கில் ஆகும். வந்து சேர்ந்ததும் நீரோட்டத்தின் வேகமும் அதன் பங்கீடும் மாறும். ஆக, டாஸ்மேனிய மீனவர் ஒருவர் இன்று தொட்டுப் பார்க்கிற வெதுவெதுப்புக்கு, பல ஆண்டு முன்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வீசிய காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிப்பிப் பண்ணையில் நடந்தது

டாஸ்மேனியாவின் ஆழம் குறைந்த கழிமுகங்களிலும் காயல்களிலும் பசிபிக் சிப்பி வளர்க்கிறார்கள். கூடைகளில் சிப்பிக் குஞ்சுகளைப் போட்டு, ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் கம்பிகளில் கட்டிவிடுவார்கள். 2016 ஜனவரி இறுதியில் கூடைகளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. ஓடுகள் வாய் பிளந்து கிடந்தன. நல்ல சிப்பியை நீரை விட்டு எடுத்தால் இறுக மூடிக்கொள்ளும். பிளந்து கிடந்தால் கதை முடிந்தது என்று பொருள்.

காரணம் சிப்பிகளைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வகை வைரஸ். மனிதருக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. 2008இல் பிரான்ஸில் இந்த வைரஸின் கொடிய ரகம் பெரும் அழிவு செய்தது. 2010இல் நியூசிலாந்துக்கும் சிட்னியின் ஜார்ஜஸ் ஆற்றுக்கும் வந்தது. 2013இல் ஹாக்ஸ்பரி ஆறு. டாஸ்மேனியா மட்டும் அதுவரை தப்பியிருந்தது. இந்த வைரஸ் குளிர்நீரில் சத்தமில்லாமல் இருக்கும்; நீர் வெதுவெதுப்பானால்தான் ஆட்டம் போடும். டாஸ்மேனியாவின் குளிர்ந்த நீரே அதற்குக் காவலாக இருந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தக் காவல் அந்தக் கோடையில் போயிற்று.

அடி அங்கேயே நிற்கவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் சிப்பிப் பண்ணைகளுக்கு வேண்டிய குஞ்சுகளில் பெரும் பகுதி டாஸ்மேனியக் குஞ்சுப் பொரிப்பகங்களிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. நோய் வந்ததும் அனுப்பத் தடை. நோயே எட்டிப் பார்க்காத தெற்கு ஆஸ்திரேலியாவில், வளர்க்கக் குஞ்சு இல்லாமல் பண்ணைகள் தவித்தன. நீரோட்டம் மாறியதன் விளைவு, நீரோட்டமே போகாத ஊரில் வந்து இறங்கியது.

வெப்பம்தான் சிப்பிகளைக் கொன்றது என்று ஒரே வரியில் எழுதுவது தவறு. வைரஸ் எப்படியோ உள்ளே வந்திருக்க வேண்டும்; வெப்பம் அதற்குச் சாதகமான காலத்தைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் நடந்தது. அதே காலத்தில் காட்டு அபலோனி நத்தைகள் செத்ததையும், வடக்கே மட்டும் காணப்படும் மீன்கள் டாஸ்மேனியாவில் தலைகாட்டியதையும், சால்மன் பண்ணைகளில் மீன் சரியாக வளராததையும் பதிவு செய்திருக்கிறார்கள். இவற்றில் வெப்பத்தின் கை நேரடியாகத் தெரிகிறது.

இரண்டாம் நிகழ்வு: காற்று நின்றது

2017 நவம்பரில் நடந்தது வேறு. நீரோட்டத்தில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. வானத்தில்தான் கோளாறு.

அன்டார்க்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று வளையம் ஓயாமல் வீசுகிறது. சில காலங்களில் அந்த வளையம் துருவத்தை நோக்கிச் சுருங்கும். சில காலங்களில் வடக்கே விரியும். சுருங்கும்போது, வழக்கமாக டாஸ்மன் கடலைக் கடைந்துகொண்டு போகிற புயல்களும் தெற்கே விலகிப் போய்விடும். அவை விட்டுச் சென்ற இடத்தில் உயர் அழுத்தம் வந்து உட்காரும். அந்தக் கோடையில் அப்படித்தான் நடந்தது. வந்த உயர் அழுத்தம் நகரவும் இல்லை. லா நினாவும் தன் பங்குக்கு வடகிழக்கிலிருந்து கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றை அனுப்பி உதவியது; ஆனால் முதல் காரணம் காற்று வளையம்தான்.

உயர் அழுத்தத்தின் கீழே மூன்று விஷயம் ஒன்றாக நடக்கும். மேகம் குறையும், வெயில் நேராக இறங்கும். காற்று குறையும், அதனால் ஆவியாதல் குறைந்து கடல் வெப்பத்தை வெளியேற்றும் வழி அடைபடும். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுவே: காற்று கலக்காவிட்டால் கடலின் மேல் அடுக்கு மெலிந்துபோகும். மெலிந்த அடுக்கு சீக்கிரம் சூடாகும். அடுப்பைக் கூட்டாமல், பாத்திரத்தில் தண்ணீரைக் குறைத்தாலே சீக்கிரம் கொதிக்கிறதே, அந்த மாதிரி.

ஒரு தோராயக் கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு கன மீட்டர் கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 40 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழே 20 மீட்டர் ஆழத்துக்கு உள்ள நீரை 2 டிகிரி சூடாக்க 16 கோடி ஜூல். வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சதுர மீட்டருக்கு 40 வாட் வெப்பம் வந்துகொண்டிருந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 35 லட்சம் ஜூல் சேரும். 46 நாளில் வேலை முடிந்தது. ஒன்றரை மாதம் காற்றில்லாத கோடை போதும்.

இதே 2 டிகிரியை 100 மீட்டர் ஆழம் வரை ஏற்ற வேண்டும் என்றால்? அதே 40 வாட்டுக்கு 231 நாள் ஆகும். உயர் அழுத்தம் ஏழெட்டு மாதம் ஒரே இடத்தில் நிற்காது. நின்றாலும் இடையில் குளிர்காலம் வந்துவிடும். எனவே ஆழம்வரை சூடான ஒரு வெப்ப அலையைப் பார்த்தால், வானத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, அங்கே நீரோட்டத்தைத் தேட வேண்டும். மேல்தோல் மட்டும் சூடாகியிருந்தால் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். 2017–18இல் சூட்டின் பெரும் பகுதி மேலே சுமார் 20 மீட்டருக்குள்ளேயே தேங்கியிருந்தது.

மேலோட்டமான சூடு ஏறுவது போலவே இறங்கவும் செய்யும். 2018 பிப்ரவரி 1 அன்று ஃபெஹி என்ற முன்னாள் வெப்பமண்டலப் புயல் நியூசிலாந்தின் தென் தீவைத் தாக்கியது. பிப்ரவரி 20இல் கீத்தா வந்தது. கடல் குளிர்ந்திருந்தால் இவ்வளவு தெற்கே வரும்போது இத்தகைய புயல்கள் சீக்கிரம் களைத்துவிடும். வெதுவெதுப்பான கடல் அவற்றுக்கு ஊட்டம் கொடுத்தது. பதிலுக்கு அவை அந்தக் கடலின் மேல்நீரைக் கலக்கிக் குளிர்வித்தன.

நிலத்தில் தெரிந்தது, பாறையில் தெரிந்தது

அந்தக் கோடை அதுவரை நியூசிலாந்து கண்டவற்றிலேயே மிக வெப்பமானவற்றுள் ஒன்று; நிலத்தில் சராசரி வெப்பம் இயல்பைவிட 2.2 டிகிரி கூடியது. கடல் சூடானதால் நிலம் சூடானதா, நிலத்தின் மேல் இருந்த காற்று கடலைச் சூடாக்கியதா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. தீவு நாடு, மூன்று பக்கம் அல்ல, நாலு பக்கமும் கடல். இரவில்கூடக் குளிராது. தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பனியாறுகள் அந்த ஒரு பருவத்தில் சுமார் 3.8 கன கிலோமீட்டர் பனியை இழந்தன. 1962 முதல் உள்ள பதிவில் ஓராண்டில் இவ்வளவு இழந்தது இல்லை. மார்ல்பரோவின் திராட்சைத் தோட்டங்களில் சாவிஞான் பிளாங்க் திராட்சை வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே பழுத்துவிட்டது. மார்ல்பரோவின் கடற்கால்களில் வளர்த்த சால்மன்கள் செத்தன.

கடலுக்குள் நடந்தவற்றில் கிறைஸ்ட்சர்ச் நகரத்தின் துறைமுகமான லிட்டல்டன் பக்கம் நடந்ததைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். அங்கே பாறைகளில் புல் கெல்ப் என்று சொல்லப்படும் மாபெரும் பழுப்புப் பாசி ஒட்டி வளரும். தோல் வார் போலத் தடித்த, பல மீட்டர் நீள இலைகள். அலை அடிக்க அடிக்க ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டமே பாறையைத் துடைத்து வேறு பாசிகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். குளிர்நீர்ப் பிராணி போலத்தான் இதுவும், வெப்பம் தாங்காது. தவிர, ஓதம் இறங்கும்போது வெளியே தெரிகிற உயரத்தில் வளர்வதால் அந்தக் கோடையில் இருமுனைத் தாக்குதல். நீரில் இருக்கும்போது 23 டிகிரிக்கு மேல் போன கடல். நீர் வடிந்த நேரத்தில் 30 டிகிரி தாண்டிய காற்று.

லிட்டல்டன் துறைமுகத்தை ஒட்டிய பைல் விரிகுடாவில் இந்தப் பாசி முற்றிலும் அழிந்தது. காலியான பாறையில் உண்டாரியா வந்து குடியேறியது. வடகிழக்கு ஆசியாவிலிருந்து கப்பல்களோடு நியூசிலாந்துக்கு வந்துசேர்ந்த பாசி அது. ஜப்பானியர் வக்கமே என்று சூப்பில் போட்டுச் சாப்பிடுவது அதைத்தான். சமையலறையில் நல்ல பெயர், நியூசிலாந்துப் பாறையில் அழையா விருந்தாளி.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. சூடு 20 மீட்டர்தானே என்று இரண்டாம் நிகழ்வை இலேசாக எடைபோடத் தோன்றும். ஆனால் கரையோர உயிர்கள் பெரும்பாலும் அந்த 20 மீட்டருக்குள்தான் வாழ்கின்றன. பண்ணைக் கூண்டும் பாறைப் பாசியும் கீழே ஓடி ஒளிய முடியாது. நீந்தத் தெரிந்த மீனுக்கு, கீழே குளிர்நீர் இருக்கிறது என்பது உயிர் தப்பும் வழி. முதல் வகை அலையில் அந்த வழியும் குறுகிவிடும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், எந்த உயிருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் அடியில் இருப்பது

இதுவரை சொன்னது உடனடிக் காரணங்கள். அடித்தளம் ஒன்று இருக்கிறது.

டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் மரியா தீவு என்ற சிறு தீவின் அருகே 1944 முதல் கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து வருகிறார்கள். தென்கோளத்தில் இவ்வளவு நீண்ட கடல் பதிவுகள் அரிது. அந்தப் பதிவின்படி அங்கே நீர் நூறாண்டுக்கு 2.28 டிகிரி என்ற வேகத்தில் சூடாகி வந்திருக்கிறது. உலகக் கடல் சராசரியைவிடப் பல மடங்கு வேகம். உப்பும் கூடியிருக்கிறது. இந்த உப்புதான் துப்பு: வெயில் மட்டும் காரணமென்றால் வெப்பமும் உப்பும் இப்படி வடக்கத்திய நீரின் சாயலில் சேர்ந்து ஏற வேண்டியதில்லை. பவளக்கடல் நீர் தெற்கே மேலும் மேலும் ஊடுருவுகிறது என்பதற்கு அது சாட்சி.

ஊடுருவலுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டுவது, மேலே சொன்ன அன்டார்க்டிகக் காற்று வளையத்தைத்தான். ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையும் பசுங்குடில் வாயுக்களும் சேர்ந்து அந்த வளையத்தைப் பல பத்தாண்டுகளாகத் துருவம் நோக்கி இழுத்துவருகின்றன. வளையம் தெற்கே போனால் தென் பசிபிக் நீர்ச்சுற்றும் வலுத்துத் தெற்கே நகர்கிறது. நீரோட்டம் டாஸ்மேனியா வரை நீள்கிறது. அதே வளையம் கோடையில் சுருங்கும்போது டாஸ்மன் கடல்மேல் காற்று நிற்கிறது. ஆக, உடனடிக் காரணம் இரண்டிலும் வேறு, ஆனால் பின்னணியில் நின்று இரண்டுக்கும் களம் அமைப்பது ஒன்றே. எனக்கு இந்த ஆய்வுகளிலேயே வியப்பான பகுதி இதுதான்.

இத்துடன் கடல் பொதுவாகவே சூடாகிவருகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். அடிமட்டம் உயர்ந்துவிட்டால் முன்பு எல்லையைத் தொடாத சிறு ஏற்றமும் இப்போது எல்லை தாண்டும். ஆய்வாளர்கள் கணினியில் காலநிலை மாதிரிகளை மனிதச் செயலின் தாக்கத்தோடும் தாக்கம் இல்லாமலும் ஓட்டிப் பார்த்து, 2015–16 போல நீண்ட ஓர் அலை வரும் வாய்ப்பை மனிதத் தாக்கம் குறைந்தது 330 மடங்கு கூட்டியிருக்கிறது என்றும், அவ்வளவு உக்கிரமான ஓர் அலைக்கு அது 6.8 மடங்கு என்றும் கண்டார்கள். 2017–18 நிகழ்வைப் பொறுத்தவரை, மனிதத் தாக்கம் இல்லாத உலகில் அது நடந்திருக்கவே முடியாது என்று சொல்லும் அளவுக்கு முடிவு வந்தது. 330 என்ற எண்ணைத் தலைப்பில் போட்டுப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இத்தனை அரிதான நிகழ்வில் மடங்கு எண் எளிதில் பெருத்துவிடும். திசையில் சந்தேகம் இல்லை, அது போதும்.

மெதுவான ஏற்றத்தின் விலை ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறது. டாஸ்மேனியாவின் கிழக்கே கடலடியிலிருந்து மேற்பரப்பு வரை காடாக நின்ற மாபெரும் கெல்ப் பாசியில் இன்று மிஞ்சியது 5 விழுக்காடு அளவே. 2012இல் ஆஸ்திரேலிய அரசு அந்தக் காட்டையே அழியும் ஆபத்தில் உள்ள உயிர்ச்சமூகமாக அறிவித்தது. நியூ சவுத் வேல்ஸ் பக்கத்தைச் சேர்ந்த நீண்ட முள் கடல் முள்ளெலி 1978இல் டாஸ்மேனியாவில் முதலில் தென்பட்டது. அதன் இளம் புழுக்கள் பிழைக்கக் குளிர்காலத்தில் நீர் 12 டிகிரியாவது இருக்க வேண்டும். முன்பு இல்லை, இப்போது இருக்கிறது. அது மேய்ந்த இடத்தில் பாறை மொட்டையாகிறது. வெப்ப அலை வந்து போகும். இவை வந்து தங்கிவிட்டவை.

இங்கே ஆய்வாளர்களுக்குள் ஒரு வாதம் உண்டு. வெப்ப அலையா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற முப்பதாண்டு அடிமட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டால், கடல் சூடாகச் சூடாக ஒரு கட்டத்தில் எல்லா நாளும் வெப்ப அலை நாளாகிவிடும். அப்போது சொல்லுக்குப் பொருள் இல்லை. அடிமட்டத்தை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே போகலாம் என்பது ஒரு கட்சி. உயர்த்தினால் நடந்த மாற்றத்தையே மறைத்துவிடுவோம் என்பது மறு கட்சி. நான் இரண்டாம் கட்சி. கெல்ப் பாசி முப்பதாண்டுக்கு ஒரு முறை தன் உடம்பின் தாங்குதிறனைத் திருத்தி எழுதிக்கொள்வதில்லை. முள்ளெலியின் 12 டிகிரியும் மாறாது.

முன்கூட்டிச் சொல்ல முடியுமா

நீரோட்டத்தால் வருவது மெதுவாக வரும். பசிபிக்கில் கிளம்பிய ராஸ்பி அலைகள் கரைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆவதால், டாஸ்மன் கடலின் வெப்ப அலைகளுக்கு ஓரளவு நெடுநாள் முன்னறிவு கிடைக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. காற்று நின்று வருவதற்கு அந்த வசதி இல்லை. உயர் அழுத்தம் எங்கே உட்காரும் என்று சில வாரங்களுக்கு மேல் துல்லியமாகச் சொல்வது கடினம். எச்சரிக்கை கேட்கிற பண்ணைக்காரரிடம் இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டாஸ்மேனிய சால்மன் பண்ணைகளுக்காக ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் பருவகாலக் கணிப்புகளைப் பயன்படுத்தும் வேலை 2015க்கு முன்பே ஆரம்பித்திருந்தது. நாலைந்து வாரம் முன்னே தெரிந்தால்கூட ஒரு பண்ணையால் ஏதாவது செய்ய முடியும்: மீன்களை முன்கூட்டியே பிடித்து விற்கலாம், தீனியைக் குறைக்கலாம், கூண்டில் நெரிசலைக் குறைக்கலாம், நீரில் காற்று ஊதலாம். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதே நேரம் மீனுக்குத் தேவை கூடும். பாதிப் பிரச்சினை அங்கே இருக்கிறது.

பெரிய இடைவெளி ஒன்று இருந்தது. செயற்கைக்கோளுக்குக் கடலின் மேல்தோல் மட்டும்தான் தெரியும். இந்த இரண்டு நிகழ்வுகளையும் பிரித்துக் காட்டியதோ ஆழம். ஆர்கோ மிதவைகள் கடலுக்குள் இறங்கி ஏறி அளக்கின்றன. ஆனால் அவை நடுக்கடலுக்கானவை, ஆழம் குறைந்த கரையோரத்துக்கு அவ்வளவாக வருவதில்லை. மீனும் பண்ணையும் பாசியும் இருப்பதோ கரையோரத்தில். 2018இல் நியூசிலாந்தில் மோவானா என்ற திட்டம் தொடங்கியது. அதில் கையடக்கமான வெப்ப உணரிகளைச் செய்து மீன்பிடிப் படகுகளுக்குக் கொடுத்தார்கள். வலையிலோ தூண்டில் கயிற்றிலோ பொறியிலோ கட்டிவிட்டால் போதும். வலை இறங்கும்போது உணரி ஆழத்தையும் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளும், மேலே வந்ததும் தானே தகவலை அனுப்பிவிடும். மீனவர் தனியாக ஒரு வேலையும் செய்ய வேண்டாம். அடுத்த சிவப்புத் திட்டு வரைபடத்தில் தோன்றும்போது, அதன் அடியில் இருப்பது 20 மீட்டர் சூடா அல்லது 100 மீட்டர் சூடா என்பதை அந்த வாரமே சொல்ல இந்தக் கயிற்று முனைக் கருவிகள் உதவும்.